பழைய காசு விற்கப் போகிறவர்களுக்கு

பழைய நாணயம் சேர்க்கிறவர்களிடம் காசு வாங்கின கதையைக் கேட்டால் நேரம் போவது தெரியாமல் சொல்வார்கள். விற்ற கதையைக் கேட்டால் பேச்சு நின்றுவிடும். ஹட்டன், தலவாக்கலை, நாவலப்பிட்டி, பண்டாரவளை என்று மலைநாட்டில் எனக்குப் பழக்கமான சேகரிப்பாளர்கள் நிறையப் பேர். வியாபாரியிடம் விற்றுவிட்டு மனம் நிறைந்து வந்தவர்களை அவர்களில் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். ஏமாற்றிவிட்டார்கள் என்ற கோபம் ஒரு பக்கம். எதில் இழந்தோம், எவ்வளவு இழந்தோம் என்று சரியாகச் சொல்லத் தெரியாத வேதனை இன்னொரு பக்கம். எனக்கு அந்த இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது. அதைக் குறைக்க வழி இருக்கிறது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். சிறு வயதிலிருந்து காசு சேர்க்கிறேன். 2022இல் வீட்டுக் கூரையையும் பிள்ளையின் படிப்பையும் சம்பளத்தால் சமாளிக்க முடியாமல் போனபோது, சேர்த்ததில் ஒரு பகுதியை விற்பது என்று முடிவு செய்தேன். அந்த வருடம் இந்த நாட்டில் எதையாவது விற்காத வீடு குறைவு. நகை விற்றார்கள், மாடு விற்றார்கள், தையல் மெஷின் விற்றார்கள். எங்களிடம் பழைய காசு இருந்தது.

முதலில் எங்கள் பக்கத்து வீடுகளில் என்ன காசு இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பெரும்பகுதி இலங்கைக் காசே கிடையாது, இந்திய வெள்ளி ரூபாய். 1872இல் இலங்கை இந்திய ரூபாயைத் தன் பணமாக ஏற்றுக்கொண்டு அதை நூறு சதமாகப் பிரித்தது. சதக் காசுகளை இலங்கைக்கென்று தனியாக அடித்தார்கள். பனைமரம் போட்ட செப்புக் காசுகளில் 1870 என்றே ஆண்டு இருக்கும். ஆனால் 1957 புத்த ஜயந்திக்கு வெளியிட்டது வரைக்கும் ஒரு ரூபாய்க் காசை இலங்கைக்கென்று அடிக்கவில்லை. விக்டோரியா ராணி, ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜோர்ஜ் தலை போட்ட இந்திய ரூபாய்தான் இங்கேயும் புழங்கியது. தோட்டத்தில் வேலை செய்து மிச்சம் பிடித்த ரூபாய்களுக்குக் காது வைத்துக் கோத்து எங்கள் பெண்கள் கழுத்தில் போட்டார்கள். வங்கிக் கணக்கு என்ற ஒன்றையே காணாத சனத்துக்கு அந்தக் காசுமாலைதான் சேமிப்பு. 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறின குடும்பங்கள் பல, போகிற அவசரத்தில் கிடைத்த விலைக்கு அதைக் கொடுத்துவிட்டுப் போனதாக எங்கள் வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆகவே குறைந்த விலைக்குக் காசு போகிற கதை எங்களுக்குப் புதியது கிடையாது. அது இன்னும் நிற்காமல் நடப்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

மலைநாட்டு நகரங்களில் நாணயத்துக்கென்று தனிக் கடை தேடினால் கிடைப்பது கஷ்டம். நகைக்கடை, அடகுக் கடை, கண்டியில் சுற்றுலாக்காரர்களை நம்பி நடக்கிற பழம்பொருள் கடை, பித்தளை வெண்கலம் வாங்க லயம் லயமாக வருகிறவர், பேஸ்புக்கில் “பழைய காசு நல்ல விலைக்கு எடுக்கப்படும்” என்று போடுகிறவர். இவ்வளவுதான் நமக்கு இருக்கிற சந்தை. ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதமாக நடக்கும்.

நகைக்கடையில் நடந்ததை முதலில் சொல்கிறேன். ஐந்தாம் ஜோர்ஜ் ரூபாய் ஒரு கைப்பிடி கொண்டுபோனேன். கடைக்காரர் ஆண்டைப் பார்க்கவில்லை, பின்பக்கத்தைத் திருப்பவில்லை. அப்படியே தராசில் கொட்டினார்.

“பழைய வெள்ளி, பாதிதான் தேறும் தம்பி.”

“முதலாளி, இது எல்லாம் 1939க்கு முந்தினது. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940 முதல் வந்ததுதான் பாதி வெள்ளி.”

“அப்படியெல்லாம் நாங்க பார்க்கிறதில்ல. உருக்கினாத்தான் தெரியும்.”

இந்த ஒரு பேச்சில் எவ்வளவு பணம் போகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்திய வெள்ளி ரூபாயின் முழு எடை 11.66 கிராம். 1939 வரைக்கும் வந்ததில் சுத்த வெள்ளி 10.69 கிராம். 1940 முதல் 1945 வரை வந்த ஆறாம் ஜோர்ஜ் ரூபாயில் 5.83 கிராம்தான். ஒரு கிராம் சுத்த வெள்ளி 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் முன்னதில் 3,207 ரூபாய்க்கு வெள்ளி இருக்கிறது, பின்னதில் 1,749 ரூபாய்க்கு. எல்லாவற்றையும் பாதி வெள்ளி என்று சொல்கிறவர் ஒவ்வொரு பழைய ரூபாயிலும் 1,458 ரூபாயை எடுத்துக்கொள்கிறார். 1947 ரூபாயில் வெள்ளியே இல்லை, அது நிக்கல். புலி போட்ட 1947 ரூபாயை வெள்ளி என்று நினைத்து வைத்திருப்பவர்கள் காந்தத்தில் பிடித்துப் பார்க்கலாம், ஒட்டிக்கொள்ளும். வெள்ளி ஒட்டாது.

அதே கடையில் இன்னொன்றும் கவனித்தேன். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதமாகும்போது 360க்கு வந்துவிட்டது. வெள்ளிக்கு உலகச் சந்தையில் டொலரில்தான் விலை. அங்கே விலை அசையாமல் நின்றாலும் இங்கே ரூபாயில் எண்பது வீதம் கூடியிருக்க வேண்டும். எனக்குச் சொன்னது பழைய டொலர் காலத்து விலை. சும்மா கொலுசு விலை கேட்டேன். அது அன்றைய விலையாக இருந்தது. வாங்குகிற விலையையும் விற்கிற விலையையும் ஒரே நாளில் ஒரே கடையில் கேட்பது நல்ல பழக்கம். எதையும் குற்றம் சாட்டிப் பேச வேண்டியதில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும், கொடுக்காமல் எழுந்து வரத் தைரியம் வரும். நான் கொடுக்கவில்லை.

நம்முடைய இலங்கை வெள்ளிச் சதங்களுக்கும் இதே மாதிரிக் கணக்கு இருக்கிறது. 1892 முதல் 1917 வரை வந்த 10, 25, 50 சதங்களில் பத்தில் எட்டுப் பங்கு வெள்ளி. 1919 முதல் வந்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேல், நூற்றுக்கு ஐம்பத்தைந்து. 50 சதத்தின் எடை 5.83 கிராம், முந்தினதில் 4.66 கிராம் வெள்ளி, பிந்தினதில் 3.2 கிராம். 1943 ஐம்பது சதம் பித்தளை நிறத்தில் இருக்கும், அதில் வெள்ளி கிடையாது. 1957 புத்த ஜயந்தி ஐந்து ரூபாய் பெரிய காசு. 28.28 கிராம், அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரைப் பங்கு வெள்ளி, அதாவது ஏறக்குறைய 26 கிராம். இதை “ஐந்து ரூபாய்க் குத்திதானே” என்று சில்லறை விலைக்குக் கேட்டவரை நானே பார்த்திருக்கிறேன்.

கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டுகிற சிறிய தராசு ஒன்லைனில் கிடைக்கிறது. காசு விற்க நினைக்கிறவர் முதலில் அதை வாங்க வேண்டும். எடையைத் தவிர இன்னொரு சோதனையும் அதில் செய்யலாம். ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டு வாருங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் ஓரத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுசாகத் தொங்க விடுங்கள். தராசு ஒரு எண் காட்டும். காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் வருவது அதன் அடர்த்தி. நல்ல பழைய ரூபாய்க்கு 10.3 அளவில் வரும். 11.66 கிராம் காசென்றால் தண்ணீரில் தராசு 1.13 காட்டும். தேய்ந்த காசில் எடை குறையும், ஆனால் வகுத்து வருகிற எண் மாறாது. செம்பிலோ பித்தளையிலோ அடித்து வெள்ளி முலாம் பூசிய போலி ஒன்பதைத் தாண்டாது. “டூப்ளிகேட்” என்று சொல்லி விலையைக் குறைக்கிறவரிடம் இந்த எண்ணைச் சொன்னால் பேச்சு வேறு மாதிரிப் போகும்.

கண்டியில் நடந்தது இதைவிட நுட்பமானது. பழம்பொருள் கடை. அந்த முதலாளிக்கு நாணயம் நன்றாகவே தெரியும், அதில் சந்தேகமில்லை. மரியாதையாக உட்காரச் சொன்னார், தேத்தண்ணி வந்தது. காசுகளைப் பார்ப்பதற்கு முன்பே முதல் கேள்வி, “எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது. நாம் சொல்கிற எண் அதிகமானால் சிரித்துவிட்டுப் பேரம் தொடங்கும். குறைவானால் அதுதான் விலை. “ஒவ்வொன்றாகப் பார்த்து நீங்க சொல்லுங்க” என்றேன். அவர் மொத்தமாகத்தான் எடுப்பேன் என்றார். காசுகளை மேசையில் பரப்பி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒரு 1911 ரூபாயில் விரல் நின்றது. எடுத்து ஒரு பக்கம் மட்டும் பார்த்தார், வைத்தார், வேறு காசைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

1911 ரூபாய் என்றால் சேகரிப்பாளர்களுக்குத் தெரியும். ஐந்தாம் ஜோர்ஜ் பட்டத்துக்கு வந்த பிறகு அடித்த முதல் ரூபாய். அரசரின் மேலாடையில் ஒரு யானை இருக்கிறது. அதன் தும்பிக்கை குட்டையாக விழுந்து பன்றி மாதிரித் தெரிந்ததால் இந்தியாவில் முஸ்லிம்கள் மத்தியில் எதிர்ப்பு எழுந்தது. அடித்ததில் பெரும்பகுதியை உருக்கிவிட்டு, 1912இல் யானையைத் திருத்தி வெளியிட்டார்கள். அதனால்தான் அதைப் பன்றி ரூபாய் என்கிறோம். வெள்ளி விலைக்கு விற்கிற காசு கிடையாது.

மொத்தத்துக்கும் அவர் ஒரு விலை சொன்னார். நான் அந்த 1911ஐ எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, “இதை விட்டுவிட்டு மிச்சத்துக்குச் சொல்லுங்க” என்றேன். விலை ஏறக்குறையப் பாதியாக இறங்கியது. அப்போதுதான் அந்த ஒரு காசுக்கு அவர் மனதில் வைத்திருந்த விலை எனக்கு வெளிச்சமாயிற்று. மற்ற எல்லாமே அதற்குத் துணையாகப் போகிற சில்லறை. மொத்தமாக விலை சொல்கிற எந்த வியாபாரியிடமும் இதைச் செய்து பாருங்கள். நல்லது என்று நீங்கள் நினைக்கிற ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி விலை கேளுங்கள். வேறொன்றை எடுத்துவிட்டு இன்னொரு தடவை கேளுங்கள். அவர் வாயால் சொல்லாததை அந்த விலைகள் சொல்லிவிடும்.

அன்றைக்கு மேசையில் ஒரு கோப்பி வில்லையும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் கொழும்பில் கோப்பி பதனிட்ட ஆலைகள் தங்கள் தொழிலாளர்களுக்குக் கொடுத்த உலோக வில்லைகளில் ஒன்று. அதை “இது காசில்ல, பட்டன்” என்று ஒதுக்கினார். தெரியாமல் சொன்னாரா, தெரிந்து சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிவதற்கு முன், தேயிலை இந்த மலைகளை மூடுவதற்கு முன், நடந்து வந்த எங்கள் ஆட்களின் காலத்துப் பொருள் அது. அதை நான் எந்த வியாபாரியிடமும் மறுபடி காட்டவில்லை. விற்கவும் மாட்டேன்.

பேஸ்புக் ஆட்களைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. படத்துக்கு நல்ல விலை சொல்வார்கள். பஸ் நிலையத்துக்கு வரச் சொல்வார்கள். அங்கே வந்து காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தேய்ந்திருக்கு, கீறல் இருக்கு, பஸ் செலவு போட்டு வந்திருக்கிறேன் என்று பாதி விலைக்கு வருவார்கள். நேரமும் அலைச்சலும் செலவழித்தவர் வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் கொடுத்துவிடுவார் என்பது அவர்கள் கணக்கு. பேசின விலை வட்ஸ்அப்பில் எழுத்தில் இருக்க வேண்டும், குறைத்தால் காசை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏற வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து போவது இன்னும் நல்லது.

என் மனதை அதிகம் உறுத்துவது என்னுடைய அனுபவமே கிடையாது. எங்கள் சேகரிப்பாளர் வட்டத்தில் மூத்தவர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர். எல்லாரும் சேர் என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் 1821 ரிக்ஸ் டொலர் ஒன்று இருந்தது, ரூபாய்க்கு முன் பிரித்தானியர் இலங்கைக்கென்று அடித்த வெள்ளிக் காசு. நாலாம் ஜோர்ஜ் தலை ஒரு பக்கம், யானை மறுபக்கம். இருநூறு வருடத்துக் கருமை அதில் ஒரே சீராகப் படிந்து, யானையின் உருவம் அந்தக் கருமையிலிருந்து எழும்பி நிற்கும். எங்களுக்கு அதைக் கையில் கொடுப்பதற்கு முன் கைகழுவிவரச் சொல்வார். மருத்துவச் செலவு வந்தபோது விற்க நினைத்தார். கொழும்பு வியாபாரி ஒருவர் வீடு தேடி வந்தார். “சேர், பெரிய பார்ட்டி ஒன்று இருக்கு. காட்டிட்டு நல்ல விலைக்கு முடிச்சுத் தர்றேன். உங்க பொருளுக்கு நான் பொறுப்பு.” சேர் மனிதர்களை நம்புகிறவர். கொடுத்தார்.

மாதக்கணக்கில் போன் எடுத்தால் “பார்ட்டி வெளிநாட்டில்” என்ற பதில். கடைசியில் காசு திரும்பி வந்தது. பளபளவென்று வந்தது. யாரோ பாலிஷ் போட்டுத் துடைத்திருந்தார்கள். கருமை போய்விட்டது. லென்ஸில் பார்த்தால் அரசரின் கன்னத்திலும் யானையின் முதுகிலும் ஒரே திசையில் மெல்லிய கீறல்கள். கொண்டு வந்தவர் சொன்னது என்ன தெரியுமா? “சேர், இது கழுவின காசு. பார்ட்டிக்குப் பிடிக்கல்ல. நானே எடுக்கிறதென்றால் பாதி விலைதான் தரலாம்.”

சேருக்குக் கோபப்படக்கூடத் தெரியாது. “நான் கொடுக்கும்போது இப்படி இருக்கல்லயே தம்பி” என்று மட்டும் சொன்னார். அதை நிரூபிக்க அவரிடம் ஒரு படம் இல்லை, ஒரு துண்டுக் காகிதம் இல்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. ஒரு நல்ல மனிதர் ஆயுள் முழுவதும் காப்பாற்றிய பொருளைக் கெடுத்து, கெடுத்த காரணத்தைச் சொல்லியே விலையைக் குறைப்பது எவ்வளவு பெரிய பாவம்!

அதற்குப் பிறகு எங்கள் வட்டத்தில் ஒரு ஒழுங்கு வந்தது. காசு கை மாறுவதற்கு முன் இரண்டு பக்கமும், ஓரமும் தெரியப் பகல் வெளிச்சத்தில் படம். அந்தப் படத்தை அங்கேயே வியாபாரியின் வட்ஸ்அப்புக்கு அனுப்புவது. அவருக்கும் அதே படம், அதே தேதி. எடை. “விற்காவிட்டால் கழுவாமல், துடைக்காமல், இதே நிலையில் இன்ன தேதிக்குள் திருப்பித் தருவது” என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய பற்றுச்சீட்டு. “இவ்வளவு நம்பிக்கையில்லையா?” என்று கேட்கிறவருக்குக் காசு கொடுக்காமல் இருப்பதே நல்லது. நேர்மையான வியாபாரி இதற்குக் கோபப்படுவதில்லை. அவருக்கும் அந்தச் சீட்டு பாதுகாப்புத்தான்.

கழுவுவதைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. நம் வீடுகளில் விற்கப் போவதற்கு முந்தின நாள் புளியும் சாம்பலும் போட்டு, திருநீறு போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிக்கொண்டு போகிறார்கள். குத்துவிளக்கு துலக்குகிற அதே நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் சேகரிப்பாளர் பார்க்கிற விலை அதோடு போய்விடுகிறது, உலோகத்தின் விலை மட்டும்தான் மிஞ்சும். தயவுசெய்து தேய்க்காதீர்கள்.

எல்லா வியாபாரிகளையும் ஒரே கண்ணால் பார்க்கிறேன் என்று நினைத்துவிடக் கூடாது. கம்பளையில் ஒருவர் இருக்கிறார். கடிகாரம் திருத்துவதுதான் தொழில், காசு வாங்கி விற்பது பக்கத் தொழில். அவரிடம் முதல் நாள் போனபோதே வாங்குகிற விலையையும் விற்கிற விலையையும் இரண்டையும் சொன்னார். “நூறு ரூபாய்க்கு விற்கக்கூடிய காசை அறுபதுக்கு மேல வாங்க எனக்கு ஏலாது தம்பி. சிலது லாச்சிக்குள்ளேயே வருஷக்கணக்கில கிடக்கும். கடை வாடகை நிற்குமா?” அந்தக் கணக்கை நான் ஏற்றுக்கொள்கிறேன். கேட்டலாக்கில் போட்டிருக்கிற விலை கடைக்காரர் விற்கிற விலை, நமக்குத் தருகிற விலை அது இல்லை. ஒன்லைனில் ஒருவர் தன் காசுக்கு ஐம்பதாயிரம் கேட்பதால் நம் காசு ஐம்பதாயிரம் ஆகாது. விற்று முடிந்த விலைதான் விலை. இது தெரியாமல் போய், நியாயமான விலை சொன்னவரையும் திருடன் என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

அவர் லாச்சியைத் திறந்து காட்டினார். மாவட்டத்துக்கு ஒன்றாக 25 மாவட்டங்களுக்கும் வந்த 2013 பத்து ரூபாய்கள், 1976 அணிசேரா மாநாட்டுக் காசுகள், சதுர ஐந்து சதங்கள், எல்லாம் குவியல் குவியலாக. இவற்றைக் கொண்டு வந்து பெரிய விலை கேட்கிறவர்களுக்கு அவர் பொறுமையாகப் பதில் சொல்கிறார். வேறொன்றையும் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். மலிவான மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்ட செப்புக் காசுகளில் பச்சையாகப் பிசுபிசுப்பு ஏறுகிறது. நுவரெலியா, ஹட்டன் பக்கத்து ஈரத்தில் அது இன்னும் வேகம். தடித்த தாள் உறையில் தனித்தனியாகப் போட்டு, டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா பொட்டலம் ஒன்று வைத்தால் காசு நிலைக்கும், விற்கும்போது களிம்பைக் காட்டி விலை குறைக்கவும் முடியாது.

அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒரு பெரியவர் துணியில் சுற்றிக் கொண்டு வந்த காசு, ராமர் பட்டாபிஷேகம் போட்டது. மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, 1818. கோடிக் கணக்கில் போகும் என்று யாரோ வீடியோவில் சொன்னார்களாம். கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. கோவில் வாசல்களில் விற்பதற்காகப் பிற்காலத்தில் செய்த வில்லைகள் அவை. கடைக்காரர் அவரை உட்காரவைத்து, “ஐயா, இது சாமி படம். வீட்டில வைச்சுக் கும்பிடுங்க. இதுக்கு முன்பணம் கட்டச் சொல்லி யாராவது வந்தால் ஒரு ரூபாயும் கொடுக்காதீங்க” என்றார். சோதனைக் கட்டணம், பதிவுக் கட்டணம் என்று முன்பணம் கேட்டு வாங்குகிறவர் எவரும் வியாபாரி இல்லை. வாங்க வருகிறவருக்கு விற்கிறவன் முன்பணம் கட்டுகிற வழக்கம் கிடையாது.

தோட்டத்தில் மண் வெட்டும்போது, வீட்டுக்கு அத்திவாரம் தோண்டும்போது கிடைக்கிற மிகப் பழைய காசுகள் வேறு விஷயம். பொலன்னறுவைக் காலத்து “மஸ்ஸ” என்கிற காசு, யாழ்ப்பாண அரசர்களின் சேதுக் காசு போன்றவை. புதையலாகக் கிடைக்கிற தொல்பொருள் அரசுக்குரியது, அறிவிக்க வேண்டும். தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் தொல்பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்பவும் முடியாது. “வெளிநாட்டு ஆளுக்கு, ரகசியமாக” என்று வருகிறவரிடம் விற்கிற ஏழைதான் பொலிஸ் வரைக்கும் போவான், வாங்கினவர் போகமாட்டார். அந்த வழிக்கே போக வேண்டாம்.

கடைசியாக, சரியாக நடந்த ஒரு விற்பனையையும் சொல்ல வேண்டும். பக்கத்து டிவிஷனில் கொழுந்தெடுக்கிற அக்கா ஒருவர். மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகம் கிடைத்திருந்தது. அவருடைய அப்பாயியின் காசுமாலையைக் கொண்டு வந்தார். காது வைத்துப் பற்றாசு ஊதிய காசுகளுக்குச் சேகரிப்பாளர் விலை பெரும்பாலும் கிடைக்காது என்று முதலிலேயே சொன்னேன். அவர் முகம் வாடியது. ஆனாலும் வெள்ளி வெள்ளிதானே. மேசையில் வைத்து இரண்டு பேருமாகப் பட்டியல் எழுதினோம். ஒவ்வொரு காசுக்கும் ஆண்டு, யார் தலை, எடை, எத்தனை பங்கு வெள்ளி. 1939 வரைக்கும் வந்தது தனியாக, 1940 முதல் வந்தது தனியாக. நிக்கல் ஒன்று இருந்தது, அதை எடுத்துவிட்டோம். தொங்கலுக்குப் பக்கத்தில் ஒரு 1911 இருந்தது.

பட்டியலோடு கடைகளுக்குப் போனோம். முதல் கடையில் காகிதத்தைப் பார்க்கவே மறுத்தார்கள். அடுத்த கடையில் பார்த்துவிட்டு, “இதெல்லாம் யார் எழுதித் தந்தது?” என்று கேட்டார்கள். அக்கா “நான்தான்” என்றார். எழுதினதில் பாதி அவர் கையெழுத்துத்தான். மூன்றாவது கடையில் இருந்த பெண்பிள்ளை கல்குலேட்டரை எடுத்து எங்கள் பட்டியலை வரிக்கு வரி சரி பார்த்தார். காதுக்கும் பற்றாசுக்கும் எடை கழித்தார், உருக்குச் சேதாரம் கழித்தார், எவ்வளவு என்று சொல்லியே கழித்தார். கிராமுக்கு அன்றைய விலையைப் பலகையில் காட்டினார். 1911ஐ மட்டும் கொடுக்காமல் கம்பளைக்குக் கொண்டுபோனோம். கடிகாரக் கடைக்காரர் காது வைத்த இடத்தைக் காட்டி, இது இல்லாவிட்டால் என்ன விலை, இருப்பதால் என்ன விலை என்று இரண்டையும் சொன்னார். வெள்ளி விலையைவிடக் கூடத்தான் வந்தது. அக்கா சம்மதித்தார்.

உருக்கப் போவதற்கு முன் மாலையை முழுசாகவும், ஒவ்வொரு காசாகவும் படம் எடுத்துக்கொண்டோம். தோட்டத்தின் பெயர், அப்பாயியின் பெயர், மாலை எந்தக் காலத்தில் கோத்தது என்று அக்காவுக்குத் தெரிந்தது எல்லாவற்றையும் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதி, ஒரு பிரதி அவர் வைத்துக்கொண்டார், ஒன்று என்னிடம் இருக்கிறது. மலைநாட்டில் காசுமாலை விற்கிற ஒவ்வொரு வீட்டிலும் இதைச் செய்யச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு போனும் ஒரு கொப்பித் தாளும் போதும், விற்கிற விலையில் ஒரு ரூபாயும் குறையாது.